பதினைந்தாம் ஆண்டுப் படிவம்

ஆவுனே பிர்ஸ்கனென் என்ற எழுபத்திரண்டு வயதுப் பெண்மணியின் படிவம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. புதிதாக ஏதேனும் தொந்தரவு உண்டா என்ற கேள்விக்கு எதிரே பென்சிலில் இரண்டே வரி. வலது இமை இறங்கிவிட்டது. விறகு பிளக்கும்போது தலைவலி.

எழுபத்திரண்டு வயதில் விறகு பிளப்பது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இது பின்லாந்தின் கிழக்கே, சாவோ என்கிற ஏரிப் பகுதி. இங்கே எண்பது வயதிலும் பிளப்பார்கள். நிறுத்தினால்தான் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள்.

என் வேலை இந்தப் படிவங்கள்தான். பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் மருத்துவமனையில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். மூளையின் ரத்தக்குழாய் ஓரிடத்தில் குமிழ் போலப் புடைத்து, அது வெடித்து, உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். சீட்டுக் குலுக்கி அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மண்டையைத் திறந்து, குமிழின் கழுத்தில் டைட்டானியம் கிளிப் போட்டார்கள். மறு பாதிக்குத் தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, குமிழுக்குள் பிளாட்டினம் கம்பியைச் சுருட்டி அடைத்தார்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு படிவம். யார் நடக்கிறார்கள், யார் மறக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்க.

மதிப்பெண் பூஜ்யம் முதல் ஆறு வரை. பூஜ்யம் என்றால் ஒரு குறையும் இல்லை. ஒன்று என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் எல்லா வேலையும் செய்துகொள்கிறார். ஐந்து என்றால் படுக்கை. ஆறு என்றால் இறப்பு.

என் மனைவி சானாவுக்கு ஆறு. அவள் இந்த ஆய்வில் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், இருபத்தொன்பது வயதில், இதே நோய். கிளிப்பா கம்பியா என்று யோசிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. நான் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு இந்த மேசைக்கு வந்தேன். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. நான்தான் கேட்க வேண்டும்.

சாவோக்காரர்களிடம் கேட்டுப் பதில் வாங்குவது தனிக் கலை. தொலைபேசியில் "எப்படி இருக்கீங்க?" என்றால் "இருக்கேன்னு வச்சுக்கலாம்" என்பார்கள். "தலைவலி உண்டா?" என்றால் "தலைன்னு ஒண்ணு இருந்தா வராம இருக்குமா" என்பார்கள். ஒரு பக்கம் கை விளங்காமல் போன ஒருவர் "குறை சொல்ல என்ன இருக்கு, இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு" என்றார். அதற்கு என்ன மதிப்பெண் போடுவது என்று அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் ஒரு சாவோக்காரி தானாகவே இமை இறங்கிவிட்டது என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், எழுந்து டாக்டர் ஹெல்லேவி ரூஸ்கனெனிடம் கொண்டுபோனேன். ஆய்வு அவருடையது. பதினைந்து வருடத்து முடிவையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

"யாரு இது?"

"ஆவுனே பிர்ஸ்கனென். கிளிப் பக்கம்."

பழைய படங்களைத் திரையில் வரவழைத்தார். "இடது பக்கக் குமிழ். எவ்வளவு சுத்தமா மூடியிருக்கு பாரு. இப்படி மூடின கிளிப் சும்மா திறக்காது. இவங்க சொல்றது வலது இமை. வயசானா தோல் தொங்கும் ஏலிஸ். என்னோடதும்தான் தொங்குது."

"அப்ப விட்டுரலாமா டாக்டர்?"

"விடுன்னா சொன்னேன்? பதினஞ்சாம் வருஷத்துக்கு எப்படியும் நேர்ல போய்ப் பார்க்கணும். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போறல்ல, அப்பப் பாரு. டார்ச் எடுத்துட்டுப் போ. ரெண்டு கண்மணியும் ஒரே அளவா இருக்கான்னு பாரு. ஒண்ணு மட்டும் பெருசா இருந்தா, அங்கேர்ந்தே எனக்குப் போன் போடு."

"அவங்க தம்பி ரெய்னோவும் பக்கத்து வீடுதான். அவரும் நம்ம ஆய்வுலதான் இருக்கார்."

"ஞாபகமிருக்கு. அக்காவுக்கு வெடிச்சு ஏழு மாசத்துல அந்த ஆளுக்கும் வெடிச்சது. சில குடும்பத்துல இது ஓடும். அவருக்கு விழுந்தது கம்பிச் சீட்டு." ஹெல்லேவி கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சாம் வருஷத்துக்கு அப்புறம் படம் எடுக்க வரவே இல்ல. கம்பிக்காரங்க வந்தாகணும். கம்பி நாளாக நாளாக அமுங்கும். அவருக்குக் குமிழோட கழுத்துல கடுகளவு இடம் விட்டுப்போயிருந்தது. என்ன எழுதியிருக்கார்?"

ரெய்னோவின் படிவத்தைப் பார்த்தேன். வாசனை தெரியாது. பெயர்கள் மறக்கும். மற்றபடி நலம்.

"நலம்னா நல்லது. போறப்ப நான் திட்டினேன்னு சொல்லு."

படிவங்களைக் கோப்பில் வைத்தேன். அந்த வாரம் வியாழக்கிழமை எல்லாரையும் போல உணவகத்தில் பட்டாணி சூப்பும் அப்பமும் சாப்பிட்டேன்.

அடுத்த வியாழன் ஆவுனேயின் ஊரான லெப்பாமாகிக்குப் போனேன். ஏரிக்கரையில் இரண்டு சிவப்பு மர வீடுகள், நடுவே ஒரு விறகுக் கொட்டகை. ஆவுனே கதவைத் திறந்தார். ஒல்லியாக, நிமிர்ந்து, கையில் காபிக் கெண்டியோடு. இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன.

"வந்துட்டியா" என்றார், நான் நேற்றுத்தான் போனவன் மாதிரி. "உட்காரு."

ஜன்னல் பக்கம் உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்மணியும் ஒரே அளவு. வெளிச்சத்துக்கு இரண்டும் சுருங்கின. இமை இரண்டும் சரி. மனதுக்கு இலேசாக இருந்தது. கையைத் தூக்கச் சொன்னேன், நடக்கச் சொன்னேன், மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன். மார்ச்சை விட்டுவிட்டார்.

"மார்ச் மாசம் விட்டுப்போச்சும்மா."

"மார்ச்ல இங்க ஒண்ணும் நடக்காது."

இனிப்பு ரொட்டியும் காபியும் வைத்தார். "வீட்டுல யாரு இருக்கா தம்பி?"

"யாருமில்ல. மனைவி இறந்துட்டா."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

தலையாட்டினார். கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். இன்னொரு ரொட்டியைத் தட்டில் தள்ளினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

பேனாவை எடுத்தேன். "அப்ப இமை எப்ப சரியாச்சு?"

"எந்த இமை?"

"உங்க வலது இமை. இறங்கிடுச்சுன்னு எழுதியிருந்தீங்களே."

"என் இமைக்கு என்ன கேடு? பருந்து மாதிரிப் பார்க்கிறேன்."

"விறகு பிளக்கும்போது தலைவலின்னும் எழுதியிருந்தீங்க."

"ஆமா. எழுதினேன்."

"நீங்கதானே பிளக்குறீங்க?"

"நானா? தோள்பட்டை போயி ஆறு வருஷம். கோடாலியைத் தொட்டே நாளாச்சு. ரெய்னோதான் பிளக்குறான்."

பேனாவைக் கீழே வைத்தேன். "அம்மா, அந்தப் படிவத்துல நீங்க யாரைப் பத்தி எழுதினீங்க?"

"ரெய்னோவைப் பத்தி." பொறுமையாகச் சொன்னார், மந்தமான மாணவனுக்குச் சொல்வது போல. "முதல் வருஷம் நீங்க அனுப்பின கடிதாசில போட்டிருந்ததே. நோயாளிக்குத் தன் மாற்றம் தெரியாது, கூட இருக்கிறவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்னு. நான் ரெய்னோகூட இருக்கேன். ரெய்னோ என்கூட இருக்கான். அதனால நான் அவனைப் பத்தி எழுதுறேன், அவன் என்னைப் பத்தி எழுதுறான்."

"உங்க பேர் போட்ட படிவத்துலயா?"

"பின்ன? என் பேருக்கு வந்ததுல நான்தானே எழுதணும். அவன் பேருக்கு வந்ததை நான் எடுத்து எழுதினா அது மோசடி இல்லையா?"

காபியை ஒரு வாய் குடித்தேன்.

"அதுவுமில்லாம" என்றார், "தன்னைப் பத்தித் தானே ரெண்டு பக்கம் எழுதுறதா? நல்லா இருக்கேன்னு எழுதினா பீத்தல். இல்லேன்னு எழுதினா புலம்பல். எங்க வீட்டுல அப்படி வளர்க்கல."

பதினைந்து வருடமும் இப்படித்தான். கிளிப் போட்ட அக்காவின் பேரில் கம்பி வைத்த தம்பியின் உடம்பு. தம்பியின் பேரில் அக்காவின் உடம்பு. இமை இறங்கியது ரெய்னோவுக்கு. வலது பக்கக் குமிழ் ரெய்னோவுடையது. கடுகளவு இடம் விட்டுப்போனது ரெய்னோவுக்கு.

"எப்பேர்ந்து இறங்கியிருக்கு?"

"படிவம் போட்டதுக்கு முந்தின நாளு. அவன்கிட்ட நான் கேட்டா, மறுநாளே தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கிடுவான். இறக்கிட்டான். அதான் எழுதிப் போட்டேன். நீங்க வருவீங்கன்னு தெரியும். தினமும் காபி ஒரு கோப்பை கூடவே போட்டேன்."

"போன் பண்ணியிருக்கலாமே அம்மா."

"போன் பண்ணித் தம்பியைப் பத்திக் கோள் சொல்றதா?" என்றார் ஆவுனே. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்ல. நாங்கதான் மெதுவா வந்துட்டோம். எங்க அவர்?"

கெண்டியால் ஜன்னலைக் காட்டினார். ஏரியில் ஒரு படகு. அதில் ஒருவர் நின்றுகொண்டு முழு பலத்தோடு வலையை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

ஹெல்லேவிக்குப் போன் போட்டுக்கொண்டே படகுத்துறைக்கு ஓடினேன். ஆவுனே பின்னாலேயே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் பழைய படங்களைத் தட்டித் திறக்கும் சத்தம் கேட்டது.

"குமிழ் திரும்ப வளர்ந்து கண் நரம்பை அழுத்துது" என்றார் ஹெல்லேவி. "எப்ப வேணா வெடிக்கலாம். எதையும் இழுக்க விடாதே, முக்க விடாதே, துடுப்புப் போட விடாதே. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன், நாப்பது நிமிஷம் ஆகும். முக்கியமா அவரைக் கோபப்படுத்தாதே."

"அது கஷ்டம் டாக்டர். அக்கா பக்கத்துல இருக்காங்க."

காற்றே இல்லை. அந்த மாதிரி நாளில் ஏரிமேல் கத்த வேண்டியதில்லை, மேசைக்கு எதிரே இருப்பவரோடு பேசுவது போலப் பேசலாம்.

"ரெய்னோ ஐயா. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கேன்."

"அக்கா வீட்டுக்கு வந்தவன் அக்காவைப் பாரு."

"பார்த்துட்டேன். நல்லா இருக்காங்க."

"அது எங்களுக்கே தெரியும்."

"வலையை விட்டுட்டுக் கொஞ்சம் உட்காருங்க. தொப்பியைத் தூக்குங்க, முகத்தைப் பார்க்கணும்."

"வெயிலடிக்குது."

"மேகமாத்தானே இருக்கு."

"அடிக்கும்."

"டேய்" என்றார் ஆவுனே, "வந்தவர் சொல்றதைக் கேளுடா. தொப்பிக்குள்ள என்ன முட்டையா வச்சிருக்க?"

"நீ எழுதிப் போட்டியா?"

"நான் எதுக்கு உன்னைப் பத்தி எழுதணும்? எனக்கு வேற வேலையில்ல?"

முதல் வருடத்து ஏற்பாட்டோடு சரி, என்ன எழுதினோம் என்று அதன் பிறகு அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததும் இல்லை.

அவரைத் துடுப்புப் போட விடக்கூடாது. அப்படியானால் நான்தான் போக வேண்டும். ஆவுனேயின் படகு கரையில் கிடந்தது. தள்ளி ஏறினேன். துடுப்பைப் பிடித்து இரண்டு கோடை ஆகியிருந்தது. கை மறக்கவில்லை, ஆனால் நேராகவும் போகவில்லை.

"எங்கப்பா போற, ஸ்வீடனுக்கா?" என்றார் ரெய்னோ. அதற்குள் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

படகோடு படகைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவருடைய தொப்பியை நானே எடுத்தேன். தடுக்கவில்லை. வலது இமை முழுக்க மூடியிருந்தது. விரலால் தூக்கினேன். கண் வெளிப்பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது. கண்மணி சட்டைப் பொத்தான் அளவு பெரிதாக இருந்தது. டார்ச்சுக்கு அசையவில்லை.

"ஆம்புலன்ஸ் வருது ஐயா. போகணும்."

"திறப்பாங்களா?"

"தெரியாது. படம் பார்த்துட்டுத்தான் சொல்வாங்க."

"ரம்பம் வைப்பாங்களான்னு கேட்டேன்."

"வைக்கலாம்."

ரெய்னோ வலையை மடியில் வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு முய்க்கு மீனைப் பிரித்தார். விரலளவு வெள்ளி மீன். "பதினஞ்சு வருஷமா அவகிட்ட என்ன சொல்லிட்டிருக்கேன் தெரியுமா தம்பி? உன் தலையைத் தகர டப்பா மாதிரி திறந்தாங்க, என் தலையில ஒரு முடிகூடக் கலையலன்னு. அவ எழுந்து நடக்கவே ஒரு வருஷம் ஆச்சு. நான் பத்தாம் நாள் சவுனாக் குளியலுக்குத் தண்ணி தூக்கினேன். இப்பப் போய் ஆஸ்பத்திரியில படுத்தா? கிளிப்தான் ஜெயிச்சதுன்னு கிறிஸ்துமஸ் வரைக்கும் சொல்லுவா. அதுக்கு அப்புறமும் சொல்லுவா."

"செத்தாலும் சொல்லுவாங்க."

"செத்தா காதுல விழாது."

என்னிடம் ஆறுதல் வார்த்தைகள் எப்போதும் இருப்பதில்லை. எண்கள் இருந்தன.

"உண்மையைச் சொல்லட்டுமா? இதை ஆராய்ச்சி பண்ணின எடத்துல எல்லாம், முதல் வருஷத்துல கம்பிக்காரங்கதான் நல்லா இருந்தாங்க. பல வருஷம் கழிச்சும் சொந்தக் கால்ல நிக்கிறவங்க கம்பிப் பக்கம்தான் கொஞ்சம் அதிகம். ஆனா திரும்பத் திறக்கிறதும் கம்பிப் பக்கம்தான் அதிகம். கிளிப் போட்டது போட்டபடி இருக்கும்."

"அப்ப நாங்கதான் முன்னாடி."

"மத்த எடத்துல. நம்ம ஆஸ்பத்திரியில இல்ல."

"ஏன்?"

"பதினஞ்சு வருஷமா நீங்க எழுதின படிவம் உங்க பேர்லதான் ஏறியிருக்கு. ஆனா எழுதினது அக்காவோட உடம்பைப் பத்தி. வாசனை தெரியல, நடக்க முடியல, பேர் மறக்குது, எல்லாம் கம்பிக் கணக்குல போயிருக்கு. நீங்க பத்தாம் நாள் தண்ணி தூக்கினது கிளிப் கணக்குல போயிருக்கு."

அவருடைய நல்ல கண் என்னையே பார்த்தது.

"என் தண்ணி அவ கணக்குலயா?"

"ஆமா."

"பதினஞ்சு வருஷமும்?"

"மொத்தமும். டாக்டர் அதை வச்சுத்தான் கட்டுரை எழுதுறாங்க."

"மாத்து அதை."

"மாத்தணும்னா ஆள் நேர்ல வந்து ஒவ்வொரு தாளுக்கும் கையெழுத்துப் போடணும். உயிரோட."

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

ரெய்னோ கரையைப் பார்த்தார். ஆவுனே படகுத்துறையின் நுனியில் ஏப்ரனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ரெண்டு வலை இன்னும் தண்ணியில கிடக்கு" என்றார் ரெய்னோ. "விட்டா மீன் அழுகிடும்."

"நான் எடுக்கிறேன்."

"நீயா? நேராவே துடுப்புப் போடத் தெரியல."

"அக்காவையும் கூட்டிட்டுப் போறேன்."

"அவளுக்கு வாய்தான் போகும்" என்றார். ஆனால் படகுக் கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்க, இடது கையை இன்னும் கொஞ்சம் போடு, தண்ணியை அடிக்காதே, தள்ளு, என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது தாமாகவே ஏறப் பார்த்தார். படுக்கவைத்தார்கள். கதவு மூடுமுன் ஆவுனேயைக் கூப்பிட்டு, "கிழக்கு வலையை முதல்ல எடு" என்றார். "தெரியும்டா" என்றார் ஆவுனே. அவ்வளவுதான் விடை பெற்றது.

"நீங்களும் போகலையா அம்மா?"

"நான் போய் என்ன பண்ணப் போறேன்? வலை கிடக்கு."

இரண்டு பேரும் ரெய்னோவின் படகில் போனோம். போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இருக்கையில் வைத்திருந்தேன். நான் துடுப்பு, அவர் வலை. தோள்பட்டை போயிற்று என்றவர் கையை மாற்றி மாற்றி இழுத்தார். கிழக்கு வலையில் நல்ல மீன். சாவதானமாக ஒவ்வொன்றாகப் பிரித்து வாளியில் போட்டார். ஒவ்வொரு மீனுக்கும் இடையே போனைப் பார்த்தார்.

"அந்தப் போனு தண்ணிமேல அடிக்குமா?"

"அடிக்கும்மா."

"நாங்க ரெண்டே பேருதான் தம்பி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "எனக்கு வெடிச்சன்னைக்கு அவன்தான் என்னை வண்டியில போட்டுக் கொண்டுபோனான். வழியெல்லாம் வண்டி பெட்ரோல் எவ்வளவு குடிக்குதுன்னு பேசிக்கிட்டே போனானாம். நர்ஸ் சொன்னா. எனக்கு நினைவில்ல."

இரண்டாவது வலை பாதி வந்தபோது போன் அடித்தது. ஆவுனே வலையை விடவில்லை. அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வந்து சேர்ந்துட்டார், வெடிக்கல" என்றார் ஹெல்லேவி. "கம்பி ஒரு ஓரமா அமுங்கிக் கிடக்கு. பக்கத்துல புதுசா வீங்கியிருக்கு. மறுபடி கம்பி வைக்க வாகான எடமில்ல. நாளைக்குக் காலையில திறந்து கிளிப் போடுறோம். அவருக்குச் சொல்லியாச்சு."

"என்ன சொன்னார்?"

"முடியை எவ்வளவு எடுப்பீங்கன்னு கேட்டார்."

ஆவுனேயிடம் சொன்னேன். "கிளிப்பா" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மிச்ச வலையை இழுத்து முடித்து, கையை ஏரியில் கழுவி, ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை அந்த மீன்களை அவரே வெண்ணெயில் பொரித்துக் கொடுத்தார். வயிறு நிறையச் சாப்பிட்டேன். அப்படிச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்க்கவில்லை.

மறுநாள் அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. பழைய கம்பி குறுக்கே வந்து தொல்லை கொடுத்ததாம். பிறகு கிளிப் உட்கார்ந்தது.

எட்டாம் நாள் முப்பது தாள்களை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். போகுமுன் ஹெல்லேவியிடம், ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி உண்டா என்று கேட்டேன்.

"இல்ல. நான் ஒரு குறிப்பு எழுதினாப் போதும். ஆனா நீ வாக்குக் குடுத்துட்டியே, போய் வாங்கு." கட்டுரையை மறுபடி கணக்குப் போட்டிருந்தார். பெரிதாக ஒன்றும் புரளவில்லை. முதல் வருடத்தில் மட்டும் கம்பிப் பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது.

ரெய்னோ சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் பாதி முடி இல்லை. வலது இமை கால்வாசி திறந்திருந்தது. முழுக்கத் திறக்க மாதங்கள் ஆகலாம், திறக்காமலும் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆவுனே நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோ தம்பி" என்றார் ஆவுனே. "இனிமே இவன் கிளிப்காரன்."

"இல்லம்மா. முதல்ல சீட்டு எந்தப் பக்கம் விழுந்ததோ, கடைசிவரைக்கும் அந்தப் பக்கம்தான். ஐயா கம்பிப் பக்கமே."

"கேட்டுக்கோ" என்றார் ரெய்னோ.

"மண்டைக்குள்ள என் கிளிப்பை வச்சுக்கிட்டு என்ன பேச்சு பேசுறான் பாரு."

ஒவ்வொரு தாளாகப் படித்துக் காட்டி, இது யாரைப் பற்றியது என்று கேட்டு, பெயரை மாற்றி, கையெழுத்து வாங்க வேண்டும். முதல் வருடம், ரெய்னோ எழுதியதைப் படித்தேன். நடக்கும்போது சாய்கிறது. வாசனை சுத்தமாகத் தெரியவில்லை. காபி தீய்ந்தாலும் தெரியாது. குடித்துவிடுகிறேன்.

ஆவுனேயின் கத்தி நின்றது. "எந்தக் காபிடா?"

"எல்லாக் காபியும்தான்."

"பதினஞ்சு வருஷமாவா?"

"பழகிப்போச்சு. வெளியில குடிச்சா ருசியே இல்ல."

ஆவுனே எழுதிய நாலாம் வருடத்தாள். கைகால் நன்றாக இருக்கிறது. மனசு நவம்பரில் சரியில்லை. கேட்டால் படகுக்குத் தார் பூசப் போய்விடுவான். நாய் வாங்கிக் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்கவும். எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவர்கள் மதிப்பெண்ணை மட்டும் ஏற்றிவிட்டு, இந்த வரிகளைப் படிக்காமலே விட்டிருக்கிறார்கள்.

"யாரும் பதிலே போடல" என்றார் ஆவுனே என்னைப் பார்த்து. "அப்புறம் நானே வாங்கிட்டேன்."

"அந்த நாய் வழிதவறி வந்துச்சுன்னு சொன்ன?"

"வந்துச்சு. பதினெட்டு மைல் வண்டியில வந்துச்சு."

ரெய்னோ ரொட்டியை மென்றார். ரொம்ப நேரம் மென்றார். நான் அடுத்த தாளை எடுத்தேன். ஒன்பதாம் வருடம், ரெய்னோ எழுதியது. மாதங்களைச் சொன்னால் மார்ச் வராது. மார்ச்சில்தான் அவளுக்கு வெடித்தது. அதனால் நான் திருத்துவதில்லை.

ஆவுனே எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார், மூடினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். ரெய்னோ கோணலாகக் கையெழுத்துப் போட்டார்.

இப்படியே கடைசித் தாள் வரைக்கும் வந்தோம். வலது இமை இறங்கிவிட்டது. விறகு பிளக்கும்போது தலைவலி. ரெய்னோ பேனாவை வைத்துக்கொண்டு அந்தப் பென்சில் எழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒண்ணை மட்டும் அவ கணக்குலயே விட்டுரு தம்பி" என்றார்.

"விட முடியாது ஐயா."

"விடுங்கிறேன். அது அவளோடது."

"உன் இமை எனக்கெதுக்குடா" என்றார் ஆவுனே. "கையெழுத்தைப் போடு, சூப்பு ஆறுது."

போட்டார்.

தாள்களை அடுக்கி உறையில் வைத்தேன். ஆய்வு இத்தோடு முடிகிறது, இனி படிவம் வராது, ஐயா மட்டும் வருடா வருடம் படம் எடுக்க வர வேண்டும் என்று சொன்னேன். இரண்டு பேர் முகமும் ஒன்று போலத் தொங்கியது. கடை மூடியிருப்பதைப் பார்த்தவர்கள் மாதிரி.

"வராதா?" என்றார் ரெய்னோ.

"பதினஞ்சு வருஷம்னுதான் திட்டம்."

"அப்ப அடுத்த வருஷம் இவனுக்கு என்னன்னு யாருக்கு எழுதறது?" என்றார் ஆவுனே.

"நேர்லயே கேட்டுக்கலாமே அம்மா. பக்கத்து வீடுதானே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், நான் வெளியூர்க்காரன் ஆகிவிட்டேன்.

"எழுதாத தாள் மீதி இருந்தா குடுத்துட்டுப் போ தம்பி" என்றார் ஆவுனே. "யாருக்கும் அனுப்ப மாட்டோம்."

மேசையில் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. கீழே போய் எடுத்து வந்தேன். ஆவுனே அதைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியைத் தம்பியின் தலையணைக்கு அடியில் செருகினார்.